வீட்டு வரியைப் பார்த்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாமா?

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நால்வழிச் சாலையில் இருக்கிற எட்டயபுரம் ஒரு பேரூராட்சி. அங்கிருந்து சுமார் 15 கிலோமீட்டரில் கோவில்பட்டி, நகராட்சி. தெற்கே ஏறக்குறைய 45 கிலோமீட்டர் போனால் தூத்துக்குடி, 2008 முதல் மாநகராட்சி. இடையிலும் சுற்றிலும் விளாத்திகுளம், புதூர், ஒட்டப்பிடாரம் ஒன்றியங்களின் கிராம ஊராட்சிகள். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் நான்கு வகை உள்ளாட்சிகளும் கிடைக்கிற வட்டாரம் இது. துறைமுகத்திலோ அதைச் சார்ந்த கம்பெனியிலோ வேலை பார்க்கிறவர், சென்னையில் ஓய்வு பெற்று ஊர் திரும்ப நினைக்கிறவர், கோவில்பட்டியில் கடை வைத்திருப்பவர் ஆகிய மூவருக்கும் வீடு எங்கே என்ற கேள்வி வரும்போது, ‘பேரூராட்சி என்றால் வரி கம்மி’ என்ற பேச்சு கண்டிப்பாக வரும். பேச்சு பொய்யில்லை. ஆனால் அந்தக் குறைவு எவ்வளவு, அதை வைத்து ஊரைத் தேர்ந்தெடுக்கலாமா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பவர் குறைவு. போட்டுப் பார்த்தால், தமிழ்நாட்டில் சாதாரணக் குடியிருப்பு வீட்டுக்காரருக்கு ஊருக்கு ஊர் உள்ள வரி வித்தியாசம், வீடு மாறும் முடிவைத் தாங்குகிற அளவுக்குப் பெரியதல்ல என்பது தெரியும். வித்தியாசம் வேறு மூன்று இடங்களில் இருக்கிறது: பத்திரப் பதிவில், பேருந்துக் கட்டணத்தில், தண்ணீரில்.

உள்ளூர் வரியை ஒப்பிட்டு ஊரைத் தேர்வது அமெரிக்காவில் நடைமுறை. அங்கே மாநிலத்துக்கு மாநிலம் வருமான வரி மாறும். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் அது கிடையாது, பதிலுக்குச் சொத்து வரி கனமாக இருக்கும். ஒரே சம்பளம் வாங்கும் குடும்பம் ஒவ்வொரு மாநிலத்தின் பெருநகரத்திலும் எவ்வளவு வரி கட்டும் என்று வாஷிங்டன் நகர நிதித்துறை ஆண்டுதோறும் ஒப்பீட்டு அறிக்கையே வெளியிடுகிறது. வருமான வரி, வீட்டு வரி, விற்பனை வரி, வாகன வரி நான்கையும் கூட்டித்தான் அதில் கணக்கு. ஏதாவது ஒன்றை மட்டும் எடுத்தால் தப்பான விடைதான் வரும் என்பது அதைத் தயாரிப்பவர்களுக்குத் தெரியும். சுவிட்சர்லாந்தில் ஒவ்வொரு ஊரும் தன் வருமான வரி மடங்கைத் தானே வைத்துக்கொள்கிறது. இந்த நடைமுறைக்கு ஒரு கோட்பாட்டு விளக்கமும் உண்டு. 1956இல் சார்ல்ஸ் டீபோ என்ற பொருளியலாளர், வெவ்வேறு வரியும் அதற்கேற்ற வெவ்வேறு சேவையும் தருகிற ஊர்கள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால், மக்கள் தங்களுக்குப் பிடித்த ஊருக்குக் குடிபெயர்ந்து விருப்பத்தைக் காட்டுவார்கள் என்று எழுதினார். ஊராட்சி மன்றங்கள் தங்கள் வரியைத் தாங்களே தீர்மானிக்கின்றன என்பது அந்த வாதத்தின் அடித்தளம். அந்த அடித்தளம் நம் ஊரில் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு பழைய கதை. முத்துக்குளித்துறைக் கரையில் இப்படி இடம்பெயர்ந்த வரலாறு நானூற்று அறுபது ஆண்டு பழமையானது. 1560இல், உள்நாட்டுப் படைகளின் தண்டலுக்கும் கொள்ளைக்கும் நடுவில் சிக்கிய புன்னைக்காயல் பரவர்களைப் போர்த்துகீசியர் மன்னார்த் தீவுக்குக் கொண்டுபோய்க் குடியேற்றினார்கள். வரிக்குப் பயந்து ஓடினார்கள் என்று ஒரு வரியில் முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் போர்த்துகீசியரும் முத்துக்குளிப்பில் தங்கள் பங்கை எடுத்துக்கொண்டவர்கள்தான். இரண்டு பக்கமும் கொடுக்க வேண்டியிருந்தது. ஒரு பக்கம் கொடுத்ததற்குக் காவலாவது கிடைத்தது. கிஸ்தி மறுத்த கட்டபொம்மனைக் கதாநாயகனாகவும், கட்டிவிட்டு இருந்த எட்டயபுரம் ஜமீனை வேறு விதமாகவும் நினைவில் வைத்திருக்கும் வட்டாரம் இது. ‘வரி’ என்ற சொல்லுக்கே இங்கே ஒரு சூடு உண்டு. அந்தச் சூட்டைத் தள்ளிவைத்துவிட்டுப் பார்த்தால், மன்னாருக்குப் போனவர்களின் கணக்கு கட்டும் தொகையோடு நிற்கவில்லை, அதற்கு ஈடாகக் கிடைப்பதையும் சேர்த்தே போடப்பட்டது என்பது புரியும்.

இன்றைய நிலைக்கு வருவோம். தமிழ்நாட்டில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி மூன்றுக்கும் இப்போது ஒரே சட்டம்: 1998இல் இயற்றப்பட்டு, 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். சொத்து வரி கட்டடத்தின் பரப்பு, தெரு எந்த மண்டலத்தில் இருக்கிறது, கட்டடத்தின் வகையும் வயதும், குடியிருப்பா கடையா என்பவற்றை வைத்து விதிக்கப்படுகிறது. சதுர அடிக்கு இவ்வளவு என்ற அடிப்படை மதிப்பு ஊருக்கு ஊர் மாறும். எட்டயபுரத்தில் குறைவு, தூத்துக்குடியின் கடைவீதிப் பக்கம் அதிகம். ஆனால் அந்த மதிப்பை எப்போது, எவ்வளவு ஏற்றுவது என்பதில் உள்ளூர் மன்றத்துக்குப் பெரிய சுதந்திரம் கிடையாது. சென்னை தவிர்த்த ஊர்களில் 2008க்குப் பிறகு பொதுச் சீராய்வு நடக்காமலே கிடந்தது. 2018இல் குடியிருப்புக்கு 50 விழுக்காடு, வணிகக் கட்டடத்துக்கு 100 விழுக்காடு என ஏற்றினார்கள். 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்தார்கள். பிறகு 2022 பிப்ரவரி 19ஆம் தேதி நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல். ஆறு வாரம் கழித்து ஏப்ரல் 1ஆம் தேதி புதிய உயர்வு அறிவிப்பு. தேதிகளை அடுத்தடுத்து வைத்தாலே போதும், விளக்கம் தேவைப்படாது. சென்னையின் பழைய எல்லையைத் தவிர்த்து மற்ற மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அத்தனைக்கும் அந்த உயர்வு ஒன்றேதான்: 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. பதினைந்தாவது நிதி ஆணையத்தின் மானியம் வேண்டுமானால் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச விகிதம் அறிவிக்க வேண்டும், வசூலும் மாநிலப் பொருளாதார வளர்ச்சிக்கு ஈடாக ஏற வேண்டும் என்ற நிபந்தனை பின்னால் இருந்தது. 2024 முதல் ஆண்டுக்கு 6 விழுக்காட்டு உயர்வும் மாநிலம் முழுக்க வந்துவிட்டது.

ஆகவே எட்டயபுரம் மன்றம் ‘நாங்கள் வரியைக் குறைத்து ஆட்களை இழுக்கிறோம்’ என்று சொல்ல முடியாது. தூத்துக்குடி மன்றம் ‘இரட்டிப்பு வரி போட்டு இருமடங்கு சேவை தருகிறோம்’ என்றும் சொல்ல முடியாது. ஏணி எல்லா ஊருக்கும் ஒன்றே, நிற்கிற படி மட்டும்தான் வேறு. சொத்து வரியைத் தவிர்த்து உள்ளாட்சி வாங்குவது என்னென்ன? சொத்து வரியோடு ரூபாய்க்குப் பத்துப் பைசா நூலகத் தீர்வை சேரும். 1948ஆம் ஆண்டு பொது நூலகச் சட்டத்திலிருந்து வருகிற பழக்கம் இது. காலிமனை வரி, குடிநீர்க் கட்டணம், பாதாளச் சாக்கடை இருக்கும் இடத்தில் அதற்கான கட்டணம், குப்பைக் கட்டணம் ஆகியவையும் உண்டு. தொழில் வரி என்று ஒன்று உண்டு. அரசியல் சட்டப்படி ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. இதில் பலர் கவனிக்காத சங்கதி, சம்பளக்காரரின் தொழில் வரி வேலை பார்க்கிற ஊருக்குப் போகிறது, வீடு இருக்கிற ஊருக்கு அல்ல. தூத்துக்குடியில் அலுவலகம் இருந்தால், எட்டயபுரத்தில் தூங்கினாலும் தூத்துக்குடி மாநகராட்சிக்குத்தான் கட்ட வேண்டும். வருமான வரி, ஜிஎஸ்டி, மின்கட்டணம் எல்லாம் மூன்று ஊரிலும் ஒன்றே. ஊரைப் பொறுத்து மாறும் மத்திய வரிச் சலுகை ஒன்று உண்டு: பழைய முறையில் வருமான வரி கட்டுபவருக்கு வாடகைப்படி விலக்கின் உச்சவரம்பு சென்னையில் சம்பளத்தின் 50 விழுக்காடு, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களில் 40. நம் மூன்று ஊருக்குள் அதிலும் வித்தியாசமில்லை.

இப்போது ஒரு கற்பனைக் கணக்கு. ஆயிரம் சதுர அடி ஓட்டை உடைசல் இல்லாத காங்கிரீட் வீடு. ஆண்டுக்கு எல்லாம் சேர்த்து எட்டயபுரத்தில் 1,200 ரூபாய், தூத்துக்குடியில் 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தெருவைப் பொறுத்துத் தொகைகள் கூடலாம், குறையலாம். விகிதத்தை மட்டும் பாருங்கள். வித்தியாசம் ஆண்டுக்கு 1,800, மாதத்துக்கு 150. வீட்டுத் தலைவருக்கு வேலை தூத்துக்குடியில். அரசு வெளியூர்ப் பேருந்தில் 2018இல் நிர்ணயித்த சாதாரணக் கட்டணம் கிலோமீட்டருக்கு 58 பைசா. 45 கிலோமீட்டருக்கு 26 ரூபாய், போக வர 52. மாதம் 25 நாள் என்றால் 1,300, ஆண்டுக்கு 15,600. மிச்சம் பிடித்த வரியைப் போல எட்டு மடங்குக்கு மேல் டிக்கெட்டிலேயே போய்விடுகிறது. வேலைக்குப் போகிறவர் பெண் என்றால் கணக்கு இன்னும் சாய்கிறது. 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் கிடையாது. தூத்துக்குடிக்குள்ளேயே குடியிருந்தால் வேலைக்குப் போய்வருவது இலவசமாக முடியலாம். எட்டயபுரத்திலிருந்து தூத்துக்குடிக்கு ஏறுவது வெளியூர் வண்டியில். அதற்குக் காசு கொடுத்தே தீர வேண்டும். அரசு தரும் ஒரு நன்மை, ஊர் எல்லையைப் பொறுத்து ஒருவருக்குக் கிடைத்து இன்னொருவருக்குக் கிடைக்காமல் போவது எந்த வரி ஒப்பீட்டுப் பட்டியலிலும் வராது. காரில் போகிறவர் புதூர் பாண்டியாபுரம் சுங்கச்சாவடியில் கட்டுவதும் அப்படியே. அது சாலைக் கட்டணம் என்பார்கள். பெயர் எதுவானாலும் பணம் போவது அதே பையிலிருந்து.

வேலை கோவில்பட்டியில் என்றால் இந்த வாதம் பாதி பலம் இழக்கிறது. 15 கிலோமீட்டர் பெரிய தூரமில்லை. வீட்டிலேயே தறி வைத்து நெய்கிறவருக்கும், ஓய்வூதியக்காரருக்கும் பயணச் செலவு என்ற பேச்சே இல்லை. அவர்களுக்கு அடுத்த கணக்குத்தான் முக்கியம், அது எட்டயபுரத்துக்குச் சாதகமாகப் போகிறது. 2023 ஏப்ரல் முதல் தமிழ்நாட்டில் கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத்தீர்வை 5 விழுக்காடு, உள்ளாட்சிக்குப் போகும் கூடுதல் தீர்வை 2, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 விழுக்காடு. மூன்று சென்ட், அதாவது சுமார் 1,300 சதுர அடி மனை. எட்டயபுரத்தில் வழிகாட்டி மதிப்பு சதுர அடிக்கு 300 ரூபாய், தூத்துக்குடியில் 1,500 என்று கற்பனையாக எடுத்துக்கொண்டால், இங்கே மனை மதிப்பு 3 லட்சத்து 90 ஆயிரம், அங்கே 19 லட்சத்து 50 ஆயிரம். ஒன்பது விழுக்காடு முறையே 35,100, 1,75,500. ஒரே நாளில், சார்பதிவாளர் அலுவலகத்தில், வித்தியாசம் 1,40,400 ரூபாய். ஆண்டுக்கு 1,800 என்ற வீட்டு வரி வித்தியாசம் இதற்கு ஈடாக 78 ஆண்டு பிடிக்கும். ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறுகிறது என்று சேர்த்துக்கொண்டாலும் முப்பது ஆண்டு. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 விழுக்காடு குறைவு. மலிவு விலை ஊரின் மனை அந்த வரம்புக்குள் அடங்குவது இன்னொரு சின்ன ஆதாயம். வீட்டு வரி ரசீதை உற்றுப் பார்க்கிறவர்கள் பதிவுச் செலவை ‘ஒரு தடவைதானே’ என்று விட்டுவிடுகிறார்கள். உண்மையில் ஊருக்கு ஊர் அதிகம் மாறும் வரிச்சுமை அதுதான்.

ஆனால் மனை விலையே ஏன் அங்கே ஐந்து மடங்கு என்று கேட்டால் வாதம் ஒரு படி ஆழமாகிறது. 1969இல் வாலஸ் ஓட்ஸ் என்பவர் அமெரிக்காவின் நியூ ஜெர்சி ஊர்களை ஆராய்ந்து, ஓர் ஊரின் வரி அதிகமானால் வீட்டு விலை இறங்குகிறது, பள்ளி முதலிய சேவை நன்றாக இருந்தால் விலை ஏறுகிறது, இரண்டும் விலைக்குள்ளேயே கலந்துவிடுகின்றன என்று காட்டினார். நம்மிடம் வரிப் பகுதி மிகச் சிறியது. நாடு முழுக்கத் திரளும் சொத்து வரி மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கால் விழுக்காடு கூட இல்லை. எனவே மனை விலையில் ஏறி உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் வேலைவாய்ப்பு, கல்லூரி, மருத்துவமனை, தண்ணீர், துறைமுகம், ரயில். தூத்துக்குடியில் மனை வாங்குபவர் அடுத்த முப்பது ஆண்டுச் சேவைக்கான விலையை முன்கூட்டியே மனைக்காரருக்குக் கொடுத்துவிடுகிறார். மாநகராட்சிக்கு அதில் கூடுதல் தீர்வையின் பங்குக்கு மேல் போவதில்லை. மாநகராட்சி சாலை போட்டு, குழாய் பதித்து உயர்த்திய மதிப்பைத் தனியார் அறுவடை செய்கிறார்கள் என்பது நகர நிதி பற்றிப் பேசுகிறவர்களின் நியாயமான ஆதங்கம். வாடகைக்கு இருப்பவர் ‘எனக்கென்ன, வரி வீட்டுக்காரர் பாடு’ என்று நினைப்பதும் இதே காரணத்தால் தவறு. வாடகைக்குள் எல்லாம் இருக்கிறது.

சேவைக்கு வந்தால் தண்ணீரைத்தான் முதலில் கேட்க வேண்டும். கரிசல் காட்டில் போர் போட்டால் பல இடங்களில் உப்புத் தண்ணீர்தான். தூத்துக்குடிக்கும் கோவில்பட்டிக்கும் குடிதண்ணீர் தாமிரபரணியிலிருந்து குழாயில் வருகிறது. கோவில்பட்டியில் ஒருமுறை வந்த தண்ணீர் அடுத்து எப்போது வரும் என்று நாள் எண்ணிய காலம் வெகு தொலைவில் இல்லை. கேன் தண்ணீர் எல்லா ஊரிலும்தான் வாங்குகிறார்கள். அதை ஒப்பீட்டில் சேர்ப்பது சரியல்ல. புழக்கத் தண்ணீருக்கு லாரியோ டிராக்டரோ கூப்பிட வேண்டிய தெருவா இல்லையா என்பதுதான் வித்தியாசம். மாதம் ஒரு தடவை டேங்கர் வந்தாலே 150 ரூபாய் வரிமிச்சம் கரைந்துவிடும். கழிவுநீரும் அப்படி: பாதாளச் சாக்கடை இருந்தால் முன்வைப்புத் தொகையும் மாதக் கட்டணமும், இல்லையென்றால் செப்டிக் டேங்க், அது நிரம்பும்போது லாரி. முன்னது ரசீதில் தெரியும் செலவு, பின்னது தெரியாத செலவு. ரசீது இல்லாததால் யாரும் அதை வரி என்று எண்ணுவதில்லை.

இங்கே எழும் முதல் ஆட்சேபம் வலுவானது. ‘அதிக வரி கட்டினால் நல்ல சேவை கிடைக்கும் என்பது யார் சொன்னது? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் என்ன நடந்தது?’ காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது; 2017இல் ஸ்மார்ட் சிட்டியாகத் தேர்வான தூத்துக்குடியின் பல தெருக்கள் நாள்கணக்கில் தண்ணீருக்குள் கிடந்தன. அந்த மழையை எந்த வடிகாலும் தாங்கியிருக்காது என்பது உண்மை. ஆனால் சாதாரண வடகிழக்குப் பருவமழைக்கே தேங்குகிற தாழ்வான பகுதிகள் மாநகருக்குள் உண்டு என்பதும் உண்மை. அங்கே வீடு வைத்திருப்பவர் எட்டயபுரத்துக்காரரைவிட அதிக வரி கட்டி, மழைக்காலத்தில் அவரைவிட மோசமாக இருக்கிறார். ஆட்சேபம் சரி. ஆனால் அது வரியை வைத்து ஊரைத் தேர்வதற்கு ஆதரவாகப் போகவில்லை. இன்னும் எதிராகப் போகிறது. வரிக்கும் சேவைக்கும் உள்ள இணைப்பு நம்மிடம் தளர்வானது. சிறு பேரூராட்சியின் செலவை அதன் சொந்த வரி தாங்குவதில்லை. மாநிலத்தின் சொந்த வரி வருவாயிலிருந்து மாநில நிதி ஆணையப் பரிந்துரைப்படி வரும் பங்கும், மத்திய மானியமும், திட்ட நிதியும்தான் தாங்குகின்றன. பணம் மேலிருந்து வரும்போது, குறைந்த வரி குறைந்த சேவையின் அடையாளமாகவும் இருக்காது, சிக்கனமான நிர்வாகத்தின் அடையாளமாகவும் இருக்காது. வரித் தொகை ஊரைப் பற்றி நமக்கு ஏறக்குறைய எதையுமே சொல்வதில்லை. தெருவின் மட்டம், வடிகால் போகும் திசை, குழாயில் தண்ணீர் வரும் கிழமை ஆகியவை சொல்லும்.

இன்னொரு சாரார், பேரூராட்சியும் வேண்டாம், அதை ஒட்டிய கிராம ஊராட்சியில் மனை வாங்கினால் வீட்டு வரி சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும் என்பார்கள். உண்மைதான், எல்லை நகராதவரை. தூத்துக்குடி மாநகராட்சி ஆன பிறகு மீளவிட்டான், சங்கரப்பேரி, அத்திமரப்பட்டி, முத்தையாபுரம் ஆகியவை அதற்குள் வந்துவிட்டன. 2025 தொடக்கத்தில் மாநிலம் முழுக்க நூற்றுக்கணக்கான கிராம ஊராட்சிகளை நகரங்களோடு இணைக்கும் ஏற்பாடு அறிவிக்கப்பட்டபோது பல ஊர்களில் மறியலும் மனுவுமாக எதிர்ப்பு கிளம்பியது. அங்கே பேசப்பட்ட காரணங்கள் இரண்டு: வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும். இரண்டாவது காரணம்தான் கனமானது. ஊரக வேலைத் திட்டம் கிராம ஊராட்சிக்கு மட்டுமே; ஒரு விவசாயக் கூலிக் குடும்பத்துக்கு அதன் இழப்பு வீட்டு வரி உயர்வைப்போலப் பல மடங்கு. பேரூராட்சிகளின் தகுதியே நிலையானதல்ல என்பதற்கு இன்னொரு சான்று: 2004இல், ஊரகத் திட்ட நிதி கிடைக்கட்டும் என்று தமிழ்நாட்டின் பேரூராட்சிகளைச் சிறப்பு ஊராட்சிகளாக மாற்றினார்கள், 2006இல் பழையபடி பேரூராட்சிகளாக்கினார்கள். வீடு அதே இடத்தில் நின்றது, பெயர்ப்பலகை மட்டும் இரண்டு தடவை மாறியது. நகரை ஒட்டி வாங்குகிறவர் இன்றைய வரியை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. இணைந்த பிறகு வரும் வரியை வைத்துப் போட வேண்டும். இணைப்பின் மோசமான கட்டம் நடுவில் வரும்: வரி உடனே மாறும், குழாயும் சாக்கடையும் ஆண்டுகள் கழித்து வரும்.

வருமானம் நின்றுபோன முதியவரைப் பற்றிய ஆட்சேபம் வேறு வகை. மாதம் 150 ரூபாய் சம்பளக்காரருக்குப் பொருட்டில்லை. முதியோர் உதவித்தொகையில் காலம் தள்ளும் ஒரு பாட்டிக்கு, கணவர் கட்டிய பழைய வீட்டின் மேல் ஆண்டுக்கு 6 விழுக்காடு ஏறினால் 12 ஆண்டில் இரட்டிப்பாகும் வரி பொருட்டுத்தான். சொத்து வரி வருமானத்தைப் பார்த்து விதிக்கப்படுவதில்லை, சுவரைப் பார்த்து விதிக்கப்படுகிறது. இந்தக் குறையை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். 600 சதுர அடிக்குக் குறைந்த வீட்டுக்கு உயர்வை 25 விழுக்காட்டோடு நிறுத்தியது இதற்கு ஒரு பாதி மருந்து. அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள், அதாவது ஏப்ரல் 30, அக்டோபர் 31க்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை உண்டு. தாமதித்தால் மாதத்துக்கு 1 விழுக்காடு வட்டி. கையில் காசு புரளுகிறவர் தள்ளுபடி வாங்குகிறார், இல்லாதவர் வட்டி கட்டுகிறார் என்று இந்த ஏற்பாட்டைக் குறை சொல்லவும் இடமுண்டு. ஆனாலும் அந்தப் பாட்டிக்கு விடை ஊர் மாறுவது அல்ல. வருமானமற்ற முதியவர்களின் வரியை வீடு கைமாறும்வரை தள்ளிவைக்கும் முறை. அமெரிக்க, கனடிய ஊர்கள் சிலவற்றில் அது நடைமுறையில் இருக்கிறது. இங்கே கொண்டுவரத் தடையாக இருப்பது பணம் என்று எனக்குத் தோன்றவில்லை, அக்கறைதான்.

ஒப்பிட்டே தீர வேண்டியவர்களும் இருக்கிறார்கள். 1,800 சதுர அடிக்கு மேல் வீடு கட்டுகிறவர், மாடியை வாடகைக்கு விடுகிறவர், முன்பக்கம் கடை போடுகிறவர், தீப்பெட்டித் தொழிற்சாலையோ கிடங்கோ வைக்கிறவர். 2022 உயர்வில் வணிகக் கட்டடத்துக்கு 100 விழுக்காடு, தொழிற்கூடத்துக்கு 75. அடிப்படை மதிப்பே அதிகமாக உள்ள கடைவீதியில் அது ஆயிரங்களில் போய் நிற்கும். தொழில் உரிமக் கட்டணமும் தொழில் வரியும் கூட வரும். எட்டயபுரம் முக்கில் வைக்கும் கடைக்கும் தூத்துக்குடி கடைவீதியில் வைக்கும் கடைக்கும் வரி வித்தியாசம் உண்மையானது. வியாபாரமும் அதே விகிதத்தில் மாறுமா என்பதை அவரவர்தான் போட்டுப் பார்க்க வேண்டும். வீடோ கடையோ, வாங்குகிறவர் விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில உண்டு: கடைசி மூன்று ஆண்டு வரி ரசீது, வரிவிதிப்பு எண் யார் பெயரில் இருக்கிறது, பதிவேட்டில் உள்ள சதுர அடியும் கட்டியிருக்கும் சதுர அடியும் ஒன்றா, பாதாளச் சாக்கடை முன்வைப்புத் தொகை பாக்கி உண்டா. சொத்து வரி நிலுவை ஆளைப் பிடிப்பதில்லை, சொத்தைப் பிடிக்கிறது. விற்றவர் போன பிறகு வாங்கியவர் தலையில் விழும். பதிவேட்டில் ஏறாத மாடி ஒன்று இருந்தால், இன்று பேரூராட்சியில் மலிவாகத் தெரிகிற வரி, அடுத்த அளவெடுப்பில் 600 சதுர அடிப் பிரிவிலிருந்து 1,200 வரையிலான பிரிவுக்குத் தாவிவிடும்.